பழைய காரில் டெம்பரேச்சர் முள் நிலையில்லாமல் ஆடினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய கார்களைப் பற்றி, குறிப்பாக 1950களிலிருந்து 1970கள் வரை வந்த, தண்ணீரால் குளிரும் எஞ்சின் உள்ள வண்டிகளைப் பற்றி. காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு வேறு கவலைகள் உண்டு.

முள் திடீரென்று சிவப்புக்குப் போய்விட்டது. வண்டியை ஓட்டலாமா?

முதலில் நிறுத்துங்கள். முள் பொய் சொல்கிறதா, மெய் சொல்கிறதா என்ற ஆராய்ச்சியெல்லாம் வண்டி ஓரமாக நின்ற பிறகுதான். பொய்யென்று நினைத்து ஓட்டி, அது மெய்யாக இருந்துவிட்டால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா, முள்தான் பொய் சொல்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முள் எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. எட்டு லிட்டர் தண்ணீரை ஒரே நொடியில் 20 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 670 கிலோவாட் வேண்டும், அதாவது சுமார் 900 குதிரைத்திறன். அத்தனையும் தண்ணீருக்குள்ளேயே போக வேண்டும். உங்கள் காரின் மொத்தத் திறனே 50, 60 குதிரைத்திறன்தான் என்றால், நடுவில் இருந்த முள் கண் இமைக்கும் நேரத்தில் சிவப்புக்குத் தாவியதற்குத் தண்ணீர் காரணமாக இருக்க முடியாது. அது மின்சாரத்தின் வேலை. ஒயர், எர்த் (வண்டியின் உடம்பு வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), எஞ்சினில் சூட்டை அளக்கும் சென்சார், மீட்டர் என்று அந்தப் பக்கம்தான் தேட வேண்டும்.

மாறாக, முள் இரண்டு மூன்று நிமிடத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்கினால் அதை நம்புங்கள். எஞ்சினின் சூடு உண்மையாகவே மாறுகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், குறைந்து சென்சாரைச் சுற்றி காற்றோ ஆவியோ நின்றால், முள் சில நொடிகளில் விழும், எழும். தண்ணீரின் சூடு அவ்வளவு வேகமாக மாறவில்லை. சென்சாரைத் தொடுவது ஒரு நேரம் தண்ணீர், ஒரு நேரம் ஆவி, அவ்வளவுதான். அதனால் மின்சாரப் பக்கம் போகும் முன்பே, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கூலன்ட் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

சந்தேகம் தீரவில்லையா? இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) இருக்கும் கூட்டை அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தை நேரடியாக அளந்தால் அந்தக் கருவி குறைவாகக் காட்டும். அங்கே மங்கலான கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். உலோகத்தின் வெளிப்புறம் உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் காரில் இருப்பது எந்த வகை மீட்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீட்டரின் பின்பக்கம் பாருங்கள். மெல்லிய செம்புக் குழாய் ஒன்று அங்கிருந்து கிளம்பி எஞ்சின் வரை போனால் அது குழாய் வகை. குழாயின் முனையில் உள்ள குமிழுக்குள் ஈதர் என்ற, எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். சூட்டில் அதன் ஆவியழுத்தம் கூடி, மீட்டருக்குள் சுருண்டிருக்கும் இன்னொரு குழாயை நிமிர்த்தும், முள் நகரும். இதில் மின்சாரமே கிடையாது. எம்ஜிஏ காரில் ஆயில் பிரஷரும் தண்ணீர் சூடும் ஒரே வட்டத்தில் இருக்குமே, அதில் சூட்டைக் காட்டும் பாதி இந்த வகைதான்.

ஒயர் மட்டும் போனால் மின்சார வகை. அதிலும் இரண்டு உண்டு. சாவி போட்டதும் முள் சோம்பேறித்தனமாக மெல்ல எழுந்து, அரை நிமிடம் கழித்து நிலைக்கு வந்தால் உள்ளே இருப்பது இரட்டை உலோகப் பட்டை. மின்சாரம் பட்டையைச் சூடாக்கும், பட்டை வளையும், முள் நகரும். 1960களிலிருந்து வந்த பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் இருக்கும் ஸ்மித்ஸ் மீட்டர்கள் இப்படித்தான். சாவி போட்ட உடனே முள் துள்ளி இடத்துக்குப் போனால் அது காயில் வகை. உள்ளே காந்தச் சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், பட்டை வகை முள்ளால் துடிக்கவே முடியாது, அதன் சுபாவம் அப்படி. அது வேகமாக நடுங்கினால் மீட்டரின் உள் பாகமே தளர்ந்திருக்க வேண்டும். ஒயரில் விட்டு விட்டு வரும் கோளாறைப் பட்டை வகை ஒரு மெதுவான அலைச்சலாகக் காட்டும், காயில் வகை துள்ளலாகக் காட்டும். ஆகவே மேலே சொன்ன வேகக் கணக்கைப் பட்டை வகையில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். அங்கே அரை நிமிடத்தில் நடப்பதே வேகம்தான்.

டெம்பரேச்சர் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறி இறங்குகிறதே?

நல்ல செய்தி. இரண்டுக்கும் பொதுவான ஒரே ஒரு பொருளில்தான் கோளாறு. பட்டை வகை மீட்டர் உள்ள காராக இருந்தால் அது பெரும்பாலும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

பட்டை வகை மீட்டர் வோல்டேஜ் கூடினால் கூடுதலாகவும், குறைந்தால் குறைவாகவும் காட்டும். பேட்டரி 12 வோல்டில் இருக்கும்போது ஒரு அளவு, எஞ்சின் ஓடி 14 வோல்ட் வரும்போது வேறொரு அளவு என்று காட்டினால் அந்த மீட்டரால் என்ன பயன்? அதனால்தான் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகரப் பெட்டியை வைத்தார்கள். அதற்குள்ளும் ஒரு இரட்டை உலோகப் பட்டை. சூடாகி வளைந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் போவதுபோல் பார்த்துக்கொள்ளும். முதல் தலைமுறை மஸ்டாங் போன்ற ஃபோர்டு கார்களில் இதே வேலையைச் செய்யும் பொருள் சராசரியாக 5 வோல்ட் தரும். மீட்டர்கள் மெதுவானவை என்பதால் இந்தத் துடிப்பு முள்ளில் தெரியாது.

பெட்டிக்குள் தொட்டுப் பிரியும் முனைகள் கரிந்தால் இரண்டு முள்ளும் தாழும் அல்லது அலையும். முனைகள் ஒட்டிக்கொண்டால் முழு வோல்டேஜும் போய் இரண்டும் மேலே ஏறி நிற்கும். ஆனால் பெட்டி நன்றாக இருந்தும் இதே கூத்து நடக்கலாம். பெட்டிக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது. அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ உள்ளே பட்டை சூடாகாது, துண்டிக்காது, முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போகும். மேட்டில் ஏறி இறங்கும்போது எர்த் கிடைத்தும் கிடைக்காமலும் இருந்தால் முள்ளும் அதற்கேற்ப அலையும்.

இதைக் கொஞ்சம் வேதனையோடு சொல்கிறேன். என் வண்டியில் இரண்டு சென்சார் மாற்றி, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கடைசியில் கண்டுபிடித்தது இந்தத் திருகைத்தான். கால் சுற்று முடுக்கியதோடு வேலை முடிந்தது. பெட்ரோல் முள்ளும் கூடவே ஆடுகிறது என்பதை ஆரம்பத்திலேயே கவனித்திருக்கலாம். டேங்க்கில் பெட்ரோல் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெபிலைசரை எப்படிச் சோதிப்பது?

அது தரும் பக்கத்தில், பெரும்பாலும் ‘I’ என்ற ஆங்கில எழுத்துள்ள முனையில், சோதனை விளக்கைத் தொட்டுப் பாருங்கள். சாவி போட்டு சில நொடிகளில் விளக்கு விட்டு விட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்தால் எர்த் இல்லை அல்லது முனைகள் ஒட்டிவிட்டன. எரியவே இல்லை என்றால், அதற்கு வரும் பக்கத்தில் மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஜிட்டல் மல்டிமீட்டர் இங்கே குழப்பும், எண்கள் 0க்கும் 12க்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கும். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய முள் வைத்த மல்டிமீட்டர் கிடைத்தால் அதுவே வசதி.

பழைய பெட்டியில் ‘மேல்’ என்று குறிக்கும் எழுத்து அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் மேலே இருக்கும்படியே பொருத்துங்கள். தலைகீழாக வைத்தால் உள்ளே சூடு பரவும் விதம் மாறி, அளவும் மாறிவிடும்.

எலெக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் போடலாமா?

தாராளமாக. சீரான 10 வோல்ட் தருவது 7810 என்ற சாதாரண ரெகுலேட்டர். பலர் பழைய பெட்டியின் குடலை எடுத்துவிட்டு இதை உள்ளே வைத்துவிடுகிறார்கள், வெளியே பார்த்தால் தெரியாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். பழைய பட்டைப் பெட்டிக்கு எந்தப் பக்கம் எர்த் என்பதில் அக்கறை இல்லை. எலெக்ட்ரானிக் பெட்டிக்கு உண்டு, மாற்றிக் கொடுத்தால் கெட்டுப்போகும். ஃபோர்டுக்கு 10 வோல்ட் பெட்டியைப் போட்டுவிடாதீர்கள்.

டெம்பரேச்சர் முள் மட்டும் ஆடுகிறது. எங்கே தொடங்குவது?

முள் எந்தப் பக்கம் தாவுகிறது என்பதிலிருந்து. பெரும்பாலான மின்சார வகைகளில் சென்சார் சூடாகச் சூடாக அதன் மின்தடை குறையும். குளிர்ந்திருக்கும்போது நூற்றுக்கணக்கான ஓம், நல்ல சூட்டில் சில பத்து ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், மீட்டர் அதைக் குளிர்ச்சி என்று படிக்கும். ஒயர் எங்காவது உரசி எர்த் ஆனால் தடை பூஜ்யம், மீட்டர் அதை உச்ச சூடு என்று படிக்கும்.

ஆகவே முள் அடிக்கடி குளிர் பக்கம் விழுகிறதென்றால் தளர்ந்த டெர்மினல், பச்சை பூத்த கிளிப், உள்ளே அறுந்தும் மேலுறையால் பிடித்துக்கொண்டிருக்கும் ஒயர் ஆகியவற்றைத் தேடுங்கள். சூடு பக்கம் தாவுகிறதென்றால் தோல் உரிந்த ஒயரைத் தேடுங்கள். பெரும்பாலும் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கத்திலோ, எஞ்சின் அறைச் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்துபோன ஓட்டையிலோ இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் ஒயரை அங்கங்கே மெல்ல அசைக்க, இன்னொருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது பழைய முறை. அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஃபேனிடமிருந்து கையையும் சட்டைக் கையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபோர்டு கார்கள் சிலவற்றில் எல்லாம் தலைகீழ். சாவியை அணைத்ததும் முள் போய் நிற்பதே சூடு பக்கத்தில்தான். உங்கள் வண்டியில் சாவி இல்லாதபோது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு மேலே சொன்னதைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சென்சார் ஒயரைக் கழற்றி எஞ்சினில் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்களே, சரியா?

சரி, ஆனால் ஓரிரு நொடிக்கு மேல் வேண்டாம். கழற்றினால் குளிர், தொட்டால் சூடு என்று முள் கிளம்பினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, சந்தேகம் சென்சார் மேல் போகிறது. பட்டை வகை மீட்டரில் தொட்டபடியே முள் சிவப்பு வரை போகட்டும் என்று காத்திருந்தால் உள்ளே சுற்றிய கம்பி கருகக்கூடும். நான் நேரடியாகத் தொடுவதில்லை. நடுவில் 50 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை வைத்துத் தொடுவேன். முள் ஏறி ஓரிடத்தில் ஆடாமல் நின்றால் மீட்டர் மேல் பழி இல்லை.

புது சென்சார் போட்டும் முள் சரியாகவில்லையே?

இரண்டு சாத்தியங்கள். ஒன்று, மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருப்பீர்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. டேப் அதைத் தடுத்தால் முள் குறைவாகக் காட்டும் அல்லது அலையும். சென்சாரின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், தடை ஏறத்தாழ பூஜ்யம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வேறு மீட்டருக்கான சென்சார். மரை பொருந்துகிறது என்பதால் அளவும் பொருந்தும் என்று இல்லை. ஆனால் பொருந்தாத சென்சார் ஒரே சீராகத் தப்பாகக் காட்டும், ஆட்டம் காட்டாது. முள் இன்னும் ஆடுகிறதென்றால் கோளாறு சென்சாரில் இருந்ததே இல்லை.

சென்சாரைத் தனியாகச் சோதிக்க விரும்பினால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரோடு அதையும் தொங்கவிட்டு, மெல்லச் சூடேற்றிக்கொண்டே ஓம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் தாவினாலோ, தட்டினால் மாறினாலோ அது போய்விட்டது. முதல் மஸ்டாங் கால ஃபோர்டு மீட்டர்களுக்கு ஏறத்தாழ 73 ஓம் என்பது அடிமட்டம், 10 ஓம் என்பது உச்சம்.

ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது. இண்டிகேட்டர் போட்டால் கூடவே துடிக்கிறது. இது என்ன?

எர்த். வேறு எதையும் தேட வேண்டாம். டேஷ்போர்டில் விளக்குகளும் மீட்டர்களும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த இணைப்பு துருவேறி மெலிந்தால், விளக்கின் மின்சாரம் அதன் வழியாகத் திரும்பும்போது அங்கே வோல்டேஜ் தேங்கி, மீட்டரைக் குழப்பும். டேஷ்போர்டிலிருந்து பாடிக்குப் போகும் கறுப்பு ஒயரையும், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள பின்னல் பட்டையையும் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மறுபடி முடுக்குங்கள்.

அளந்து பார்க்க விரும்பினால், எஞ்சினை ஓடவிட்டு விளக்குகளைப் போட்டு, எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். வோல்டில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குக்கு மேல் போனால் அந்தப் பின்னல் பட்டை சரியில்லை. ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சூடாகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். பின்னல் பட்டை அறுந்துபோய், ஸ்டார்ட்டரின் மின்சாரம் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

முள் மெதுவாக ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறுகிறது. ஒயரெல்லாம் பார்த்தாகிவிட்டது.

இது தெர்மோஸ்டாட் போலத் தெரிகிறது. 82 டிகிரி என்று குறித்த தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுக்கத் திறக்கும். ஒட்டிக்கொண்டால் தாமதமாக ஒரேயடியாகத் திறக்கும். ரேடியேட்டரில் ஆறிக் கிடந்த தண்ணீர் மொத்தமாக உள்ளே பாய்ந்து முள் விழும், மறுபடி மூடும், மறுபடி ஏறும். குளிர்ந்த எஞ்சினை எடுத்த முதல் பத்து நிமிடத்தில் ஒருமுறை மட்டும் இப்படி நடந்தால் விட்டுவிடுங்கள், அது இயல்பு.

காற்று அடைத்திருந்தாலும் இதே நாடகம்தான். கூலன்ட் மாற்றிய மறுநாள் ஆட்டம் தொடங்கியதென்றால் முதல் சந்தேகம் காற்று மேல். வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து, மூடியில்லாமல் குளிர்ந்த நிலையிலிருந்து ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டில் குட்டி ஓட்டையும் அதில் ஆடும் ஒரு ஊசியும் இருந்தால் அது காற்று வெளியேறத்தான். அந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பொருத்துங்கள்.

எத்தனை முறை காற்றை எடுத்தாலும் மறுபடி சேருகிறது. ஏன்?

இங்கேதான் கவலைப்பட வேண்டும். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) கசிந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? ரேடியேட்டர் வாயில் குமிழி ஓயாமல் வருகிறதா? கூலன்ட் எங்கும் ஒழுகாமலே குறைகிறதா? இதை உறுதிசெய்ய ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டரின் மேல் உள்ள காற்றை அதன் வழியாக உறிஞ்சினால், பெட்ரோல் எஞ்சினில் வாயு கசிந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மாறினால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

வேகமாகப் போனால் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. பொதுவாக மாறித்தானே நடக்கும்?

ஆமாம், நின்றால் ஏறுவதுதான் வழக்கம், அதற்கு ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது கீழ் ஹோஸ். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். பழைய ரப்பர் தளர்ந்துபோனால் அதிக வேகத்தில் உறிஞ்சலில் சப்பையாகி வழியை அடைக்கும், வேகம் குறைந்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சினை முறுக்கியபடி கீழ் ஹோஸை ஒருவர் பார்த்தால்தான் பிடிபடும்.

பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் முள் மேலே நிற்கிறது.

பம்ப் நின்றதும் இரும்பின் சூடு தண்ணீருக்குள் இறங்குகிறது. ஓட்டத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டால் ஒன்றுமில்லை.

குழாய் வகை மீட்டர் ஆடினால்?

அது பெரும்பாலும் ஆடாது, சாகும். குழாய் விரிசல் விட்டு ஈதர் போய்விட்டால் முள் அடியில் விழுந்து அங்கேயே கிடக்கும். ஆடுகிறதென்றால் எஞ்சின் அதிர்வு குழாய் வழியாக ஏறுகிறது. அதனால்தான் அந்தக் காலத்தில் குழாயை நடுவில் ஒரு சுருள் சுற்றி விட்டார்கள், யாராவது அதை நேராக்கிவிட்டார்களா என்று பாருங்கள். செத்ததை உயிர்ப்பிக்க, வேறொரு மலிவான மீட்டரின் குமிழையும் குழாயையும் வெட்டி ஒட்டும் வித்தை உண்டு. ஈதர் 35 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும் என்பதால் குமிழை ஐஸும் உப்பும் கலந்த கலவையில் புதைத்துவிட்டுக் குழாயை ஈயத்தால் ஒட்டுவார்கள். ஈதர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பழக்கப்பட்டவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

இன்றைய கார்களில் முள் அசைவதே இல்லையே. அப்படி ஆக்க முடியாதா?

அவற்றில் பலவற்றில் எஞ்சின் சூடு பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கினாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைக்கும்படி எழுதிவைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பயப்படக் கூடாது என்று. பழைய மீட்டர் மேடு ஏறினால் கொஞ்சம் ஏறும், இறக்கத்தில் கொஞ்சம் இறங்கும். அந்த அசைவை நான் சரிசெய்யப் போகமாட்டேன்.